அம்மனின் தவசும் என் பசியும்

எழுபதுகளின் கடைசியில், சாமியின் காட்சிக்காக அம்மன் தவசு நிற்கிற ஓர் ஆடித்தபசு அன்று மத்தியானம், சங்கரன்கோவிலில் என் மாமியார் வீட்டில் நடந்தது இது. சொந்தபந்தமெல்லாம் இலை போட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், ஏழு மாத வயிற்றோடு நான் செய்த காரியத்தை எங்கள் தெருவில் ரொம்ப நாள் பேசினார்கள். பேசினவர்கள் பாதியைத்தான் சொன்னார்கள். மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்த ஊர் வாசுதேவநல்லூர்ப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்த பிறகு முதலில் பிறந்தது ஆண்பிள்ளை. துணிக்குள் பிள்ளை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற மாதிரி அத்தனை சின்னதாக இருந்தான். பால் இழுக்கத் தெம்பில்லை. அவன் அழுதால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. பேர் வைக்கும் முன்பே போய்விட்டான். அம்மன் கொடுத்தாள், அம்மனே எடுத்துக்கொண்டாள் என்றார்கள். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் தடவை போலவே, இரண்டாவது உண்டானதும் என் மாமியார் எனக்குச் சாப்பாட்டில் அளவு வைத்தார். உண்டானவள் நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப்போகும், பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று அந்தக் காலத்தில் பலருக்கும் நினைப்பு. "வாயக் கட்டுட்டி. பிள்ளை அளவா இருந்தாத்தான் லேசா வந்து விழும்" என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய தங்கச்சி தலைப்பிரசவத்தில் பெரிய பிள்ளை சிக்கிக்கொண்டு, தாயும் பிள்ளையுமாகப் போனதை அவர் கண்ணால் பார்த்தவர். அந்தப் பயம் அவருக்கு. ஆனால் பசி எனக்கு.

வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மாமியாரும் சாப்பிட்ட பிறகுதான் நான் தட்டை எடுப்பேன். அப்போது குழம்பில் காய் இருக்காது. சட்டியை வழித்துத் தண்ணீர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்வேன்.

எங்கள் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு துளி வாயிலும் போட்டுக்கொள்வோம். நோய்நொடி அண்டாது என்று நம்பிக்கை. எனக்கு இன்றும் அந்த நம்பிக்கை உண்டு. உண்டாகியிருந்த அந்த மாதங்களில் எனக்கு அந்த மண்ணின் மேல் ஓர் ஆசை வந்தது. ஒரு துளியில் ஆரம்பித்தது, உருண்டை உருண்டையாகத் தின்கிற அளவுக்குப் போனது. மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோவிலுக்குப் போகும்போதெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். "எம்மருமவளுக்கு அம்மன் மேல எம்புட்டுப் பக்தி, பாருங்க" என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் வீட்டில் புற்றுமண் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு மழைத் தூற்றல். அடுப்படிச் சுவர் ஈரத்தில் கமகமவென்று வாசம் அடித்தது. என்னையறியாமல் சுவரைச் சுரண்டி வாயில் போட்டுவிட்டேன். அதே ருசி. அப்படியே நின்றுவிட்டேன். அடுப்படிச் சுவரில் என்ன அம்மன் இருக்கிறாள்? நான் இத்தனை நாள் தின்றது பிரசாதம் இல்லை, மண். அப்படியென்றால் எனக்கு வந்திருப்பது பக்தி இல்லை, வேறு ஏதோ.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு மண்டியில் வேலை பார்த்தார். அம்மா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அறியாத மனிதர். ஆனாலும் யாருக்கும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்னேயே, "மண்ணு திங்கியா?" என்று கேட்டார்கள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். "நீ சாப்பிடலைன்னா ஒம்பிள்ளை ஒன்னையத்தான் சாப்பிடும். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இருக்காது" என்றார்கள். என் மூத்தவனைப் பற்றிச் சொன்னேன். "அப்பவும் இப்படித்தான் அரைவயித்துக்குச் சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் எனக்குப் புரிந்துவிட்டது. அவனை அம்மன் எடுத்துக்கொள்ளவில்லை.

கொடுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இதைத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், கருத்தும் போகும் என்று மாமியார் வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். அதோடு விடவில்லை. ஆடித்தபசுக்குக் கொடியேறிய அன்று, பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று, தபசு முடியும்வரை நான் ஒருபொழுது இருப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். பகலில் பச்சைத்தண்ணீர், ராத்திரி மட்டும் சோறு. சாமிக்கு நேர்ந்ததை எப்படி மீறுவது? நானும் இருந்தேன். தண்ணீர்க்குடம் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். வயிற்றில் பிள்ளை துள்ளுவதும் குறைந்துபோனது.

தபசு அன்று ராயகிரியிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்துவிட்டது. மத்தியானம் ஆண்கள் பந்தி. சாம்பார், அவியல், பாயசம் எல்லாம் என் கையால் சமைத்தது. பரிமாறும்போது ஓர் ஆசையில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

வாளியைக் கீழே வைத்தேன். ஓர் இலையை எடுத்து வந்து, பந்தியின் கடைசியில் விரித்து, தண்ணீர் தெளித்து உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார். "ஏட்டி, என்ன காரியம் பண்ணுத? அங்கன அம்மனே ஒத்தக்கால்ல தவசு நிக்கா. ஒனக்கு ஒருபொழுது பொறுக்க முடியலையோ?"

"சாயங்காலம் சாமி காட்சி கொடுத்ததும் அம்மனுக்குத் தவசு முடிஞ்சிரும் அத்தை. எனக்கு எப்ப முடியும்?"

"நேர்ந்தது தெய்வத்துக்குட்டி. தெய்வகுத்தம் ஆயிரும்."

"நேர்ந்தது நீங்க. பட்டினி கிடக்கது எம்பிள்ளை. அது எந்த சாமிக்கும் நேரலை."

"எந்தங்கச்சி போனது ஒனக்குத் தெரியாதா? பெரிய பிள்ளை சிக்கிச் செத்தாளே" என்றார்.

"தெரியும் அத்தை. எம்பிள்ளை சின்னதாப் பிறந்து செத்தது ஒங்களுக்குத் தெரியும்லா? நான் எதை நினைச்சுப் பயப்பட?"

அவர் உள்ளே போய்விட்டார். என் இலை வெறும் இலையாகவே கிடந்தது. ஆண்கள் பந்தியில் உட்கார்ந்த பெண்ணுக்கு யார் வந்து பரிமாறுவார்கள்? நானும் எழுந்திருப்பதாக இல்லை. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு, சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். புளியங்குடிச் சித்தப்பா சிரித்துவிட்டார். "ஏலே, பொண்டாட்டிக்குப் பந்தி விளம்புத மொத ஆம்பளை நீதான்லே" என்றார்.

"எம்பிள்ளைக்குப் போடுதேன் சித்தப்பா. அவளுக்கு இல்ல" என்றார் இவர். பரிமாறிப் பழக்கமில்லாத மனிதர். சாம்பார் ஊற்றிய சோற்றின் மேலேயே பாயசத்தையும் ஊற்றிவிட்டார். அதை அப்படியே பிசைந்து தின்றேன். இன்றைக்குவரை அதைவிட ருசியான சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. மறுசோறு கேட்டு வாங்கினேன். இலையை மடக்கும்போது விலாப்பக்கம் ஓர் உதை விழுந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ராயகிரிக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் தெற்கு ரதவீதியில், கூட்டம் இல்லாத ஓர் ஓரமாகப் போய் நின்றேன். வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் அம்மனுக்குச் சூறை வீசினார்கள். ஒரு பஞ்சு பறந்து வந்து என் வயிற்றின் மேல் ஒட்டிக்கொண்டது. நான் அம்மனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வயிறார உண்டுவிட்டு வந்திருக்கிறேன் தாயே, பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவளும் பெண்தானே.

மாத்திரையைப் பரணிலிருந்து நானே இறக்கிக்கொண்டேன். மாமியார் பிரசவம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. மகள் பிறந்தாள். அவள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று மறுபடியும் வெறும் சோறும் சுட்ட பூண்டும் வந்தது. தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, பருப்பும் கீரையும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மாமியாரே கொண்டுவந்து வைத்தார். "தின்னு. ஒன் வாய்க்கு யாரு பதில் சொல்ல" என்றார். மகளைத் தூக்கிப் பார்த்தவர், கனம் தாங்காமல் இரண்டாவது கையையும் கொடுத்தார்.

இன்று என் மகளும் இரண்டு பெற்றுவிட்டாள். ஆடி வந்தால் நான் இப்போதும் அம்மனுக்கு ஒருபொழுது இருக்கிறேன். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி என் வீட்டில் இருந்தால், முதல் இலை அவளுக்குத்தான். அது தெய்வகுத்தம் என்றால் அந்தக் குத்தத்தை நான் சாகும்வரை செய்வேன்.