தனசேகரன் சொன்ன காற்று

தனசேகரன் இறந்த செய்தி என் மனைவி செல்வி மூலமாகத்தான் எனக்கு வந்தது. நானும் அவரும் ஒரே நாளிதழில் அடுத்தடுத்த மேசைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். ஆனாலும் அலுவலகம் என்னை அழைப்பதற்கு முன்பே, எண்ணூர்ச் சாலையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் அவளை அழைத்துச் சொல்லிவிட்டார். ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

“யோவ், தனாண்ணன் பூட்டாராம்யா. காலைல மாரடைப்பாம். உனக்குத் தெரியாதா? நீ இன்னா ரிப்போர்ட்டரு?” என்று கேட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

துக்கத்துக்கு நடுவிலும் அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. தனசேகரனைப் பற்றி எழுதும்போது என் பொறாமையை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிச் செய்தியாகத்தான் இருக்கும். அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு: தனசேகரன் புளியந்தோப்புக்காரர். எங்கள் நாளிதழில் பிழை திருத்துபவராகச் சேர்ந்தார். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவர் டயரின் காற்றை அளக்கும் மானியைச் செருகியிருப்பார். அது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதில் குறியாகவும் இருப்பார். அடக்கம் அவருக்குத் தெரியாத ஒரு பண்பு. வாசகர்களின் வாகனக் கேள்விகளுக்குப் பதில் எழுத ஆளில்லாமல் போனபோது ஆசிரியர் அந்தப் பகுதியை அவரிடம் கொடுத்தார். சில மாதங்களில் அது பாதிப் பக்கமானது. “டயருக்கு வெயிட்டு மட்டும்தான் தெரியும். உன் அவசரம் தெரியாது” என்பது போல எழுதுவார். ஓட்டுநர்கள் அதை வெட்டி வண்டிக்குள் ஒட்டிவைத்தார்கள்.

நான் துறைமுகச் செய்தியாளன். ஒருமுறை, கன்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதைப் பற்றி விசாரிக்கத் திருவொற்றியூர் சாலையில் வரிசையாக ஓட்டுநர்களிடம் பேசிக்கொண்டு போனேன். ஒருவர் நாளிதழின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

“தனா சார் பேப்பரா? ஏறு சார், உள்ள குந்து. டீ சொல்றேன். அவரு வரலியா?”

வரவில்லை என்றேன். டீ வந்தது, ஆனால் அவர் முகத்தில் வெளிச்சம் குறைந்துவிட்டது. அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. அதே நாளில் தனசேகரன் ஸ்டெப்னி டயரைப் பற்றி எழுதியிருந்தார். ஊரே பேசியது ஸ்டெப்னியைத்தான்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். அவர் என் வீட்டுக்கு வந்ததுதான் தாங்க முடியாமல் போனது.

செல்வி காலை உணவு சமைத்து, காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கொண்டுபோய் விற்கிறாள். பழைய ஏழு இருக்கை வண்டியின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இட்லிப் பாத்திரங்கள், வடகறி அண்டா, தண்ணீர் கேன்கள், கூட இரண்டு பெண்கள் என்று ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டுவாள். இருபுறமும் கன்டெய்னர் லாரிகள் போகும் சாலை அது. அதில் அவள் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்பது என் கவலை. அதற்கான வழியை நான் சொல்லி அவள் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அவள் ஒரு காரியம் செய்துவந்தாள். திரும்பி வரும் வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, சூடாக இருக்கும் டயர்களில் காற்றை அளந்து, “ஜாஸ்தியா கீது” என்று இறக்கிவிடுவாள். டயர் மெத்தென்று இருந்தால் பள்ளத்தில் வடகறி தளும்பாதாம். எங்கள் தெருவில் சாப்பாட்டு வண்டி ஓட்டும் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

நான் வண்டியின் கையேட்டைப் படித்தேன். ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில், எவ்வளவு காற்று என்று குறித்து ஒட்டியிருக்கும் தாளையும் படித்தேன். அவளிடம் தெளிவாகச் சொன்னேன்: காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும், பாரம் ஏற்றினால் காற்றைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது, குறைத்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

“நீ இன்னா மெக்கானிக்கா? கம்முனு பேப்பர் வேலையப் பாரு” என்றாள். “உங்க ஆபீஸ்ல தனா சார்னு எழுதறாரே, அவர இட்டுக்கினு வா.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தேன். தனசேகரன் வடகறியைத் தொட்டுக்கொண்டு எட்டு இட்லி சாப்பிட்டார். பிறகு வண்டியருகே குந்தி, மானியை எடுத்து அளந்தார்.

“யாரு தங்கச்சி காத்த எறக்குனது?”

“நான்தாண்ணே. வடகறி தளும்புது.”

“தளும்புனா அண்டா மூடிய இறுக்கிக் கட்டு. டயரு இன்னா பாவம் பண்ணுச்சு? ஓடி வந்த டயர்ல காத்து ஜாஸ்தியாத்தான் காட்டும். பால் பொங்குதுன்னு பாதியக் கீழ ஊத்துவியா? ஆறுனா அதும்பாட்டுக்கு எறங்கிரும்.”

செல்வி சிரித்தாள். பிறகு அவர் டயரின் பக்கச்சுவரில் பொறித்திருந்த எண்ணைத் தடவிக் காட்டினார். “இது சின்னக் காரு டயரு. அளவு ஒண்ணுதான், ஆனா இவ்ளோ சுமை தாங்காது. சுமை நம்பர் பெருசா இருக்குறத வாங்கு. கதவாண்ட ஃபுல் லோடுக்குன்னு போட்டுக்கீறான் பாரு, அந்தக் காத்து வை.”

டயரின் சுமை எண்ணை நான் பார்த்திருக்கவில்லை. அந்தப் பெருமை அவருக்கே. காற்றைப் பற்றிய மற்றதெல்லாம் நான் சொன்னது. மறுநாளே அவள் டயர்களை மாற்றினாள், காலையில் காற்றை அளந்தாள், அண்டா மூடியைக் கயிற்றால் கட்டினாள்.

அடுத்த கோடையில், அவளுக்கு முன்னால் போன லாரி ஒன்று சட்டென்று நின்றது. முழுப் பாரத்தோடு பிரேக் அடித்திருக்கிறாள். வண்டி இம்மி விலகாமல் நேராக நின்றிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, “தனாண்ணே, இன்னிக்கு உயிரு பொழச்சேன்” என்று அவரிடம்தான் முதலில் சொன்னாள். பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொண்டேன். அன்று அவருக்கு நான் மனதார நன்றி சொன்னேன். பிறகு வண்டியின் கையேட்டை எடுத்து அலமாரிக்கு அடியில் போட்டேன்.

இறுதி மரியாதைக்குப் போனபோது, புளியந்தோப்பில் தனசேகரன் குடியிருப்பின் கீழே வெள்ளை உடை உடுத்தியவர்கள் பௌத்த முறைப்படி பஞ்சசீலம் ஓதிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க ஆட்டோக்கள், சிறிய லோடு வண்டிகள். ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர் என்னை யாரென்று விசாரித்தார். அவரோடு வேலை பார்த்தவன் என்றேன். “குட்த்து வச்சவன் சார் நீ” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பெயரை அவர் கேட்கவில்லை.

இன்று காலை செல்வி வண்டியில் ஏற்றும்போது வழக்கத்தைவிட இரண்டு அண்டா அதிகம் இருந்தது. புதிதாக ஒரு குழு சாப்பாடு கேட்டிருக்கிறதாம். போனைக் கையில் எடுத்தவள், ஒருகணம் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“யோவ், ரெண்டு அண்டா எச்சாக் கீது. காத்து எவ்ளோ ஏத்தணும்?”

“ஏத்தக் கூடாது. வண்டி தாங்குற பாரம் அவ்வளவுதான். அதுக்கு மேல காத்து அடிச்சாலும் உதவாது. ரெண்டையும் இறக்கிட்டு ரெண்டு நடையாப் போ.”

அண்டாக்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே நடையில் போய்விடத்தான் அவளுக்கு மனம்.

“இத்த தனாண்ணன் சொன்னாரா?”

அவர் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

“ஆமா. தனசேகரன்தான் சொன்னாரு.”

உடனே குனிந்து இரண்டு அண்டாக்களையும் இறக்கினாள். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

தனசேகரன், அது நான் எழுதிய வரி. உங்கள் பெயரில் வெளிவந்திருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள்.