கழுத்தில் ஆடிய பைனாகுலர்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பைனாகுலர் வாங்கி வந்தான். ஒரு ஞாயிறு காலை, அவன் திருட்டுத்தனமாக வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியோடு செட்டிகுளம் பக்கத்துப் பாறைக் கரட்டுக்கு முயல் வேட்டைக்குக் கிளம்பினோம். முள்ளுக்குள் குனிந்து நுழைய வேண்டிய இடம் அது. பைனாகுலர் கழுத்தில் தொங்கினால் எதிலாவது மாட்டும் என்று என் துண்டை நீட்டினேன்.

“நெஞ்சோட சேத்துக் கட்டிக்கப்பா.”

“அட போங்க மாமா. துண்டால மூடிட்டா சிங்கப்பூர் சாமான்னு எவனுக்குத் தெரியும்?”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

கருவேலம் புதருக்குள் அவன் குனிந்தபோது, தொங்கிய பைனாகுலர் வார், அவன் கையிலிருந்த துப்பாக்கியின் விசையில் மாட்டிக்கொண்டது. அது தெரியாமல் நிமிர்ந்தான், துப்பாக்கி வெடித்தது. முன்னால் போன என் காதோரம் அனல் அடித்தது. எதிரே இருந்த பனைமரத்தில் ரவைகள் பாய்ந்தன. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவனோ பைனாகுலரைத் தூக்கி, எச்சில் தொட்டுத் துடைத்து, “நல்லவேளை மாமா, கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவல” என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. நானே எழுந்து வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

அன்று மாலை டீக்கடையில், “எங்க மாமா சத்தத்துக்கே வேட்டிய நனைச்சிட்டாரு” என்று வேறு சிரித்தான்.

இப்போது வேட்டை என்று யார் கூப்பிட்டாலும் நான் போவதில்லை. அவன் முயல்கறி கொண்டுவந்தால், மனைவி கோபித்தாலும் சரி, அந்தச் சட்டியை வீட்டுக்குள் விடுவதில்லை. அந்த வாசனையே எனக்கு அருவருப்பு.

இதை எழுதி முடித்தது 2003 ஆடிப்பெருக்கு அன்று.