குகைக் குழியில் கிடைத்த எலும்புகள்

போன கோடையில் சியரா மலையில் கூடாரம் போட்டிருந்தபோது இடிச் சத்தத்துக்கு மிரண்டு எங்கள் நாய் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. பல வாரக் கடைசிகளில் சான் ஹோசேயிலிருந்து காரில் போய்த் தேடினோம். கிடைக்கவில்லை. கடைசியில் அங்குள்ள வன அலுவலகத்தில் எங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இந்த வருடம் பனி உருகியதும் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். நாங்கள் தங்கிய இடத்துக்கு மேலே, கிணறு போலச் செங்குத்தாக இறங்கும் குகை ஒன்று இருக்கிறதாம். கயிறு கட்டி இறங்கியவர்கள் அடியில் விலங்கு எலும்புகளைப் பார்த்திருக்கிறார்கள். மேலே கொண்டுவந்த ஒரு மண்டை ஓடு நாயினுடையது போலிருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்றார்.

"என்னால பாக்க முடியாதுங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் மனைவி. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகள் என்னோடு கிளம்பினாள்.

வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். நாங்கள் அந்தச் சரிவில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தபோது, காலடியில், இருட்டுக்குள், அது எங்கள் குரலைக் கேட்டபடி கிடந்ததோ? மகளிடம் சொல்லவில்லை.

அலுவலகத்தில் ஒரு துணியின் மேல் மண்டை ஓட்டை வைத்திருந்தார்கள். மான் எலும்புகளும் சில இருந்தன. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். மகள்தான் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, டீத் பாருங்க! ரெண்டு கோரைப்பல்லும் இருக்கு!"

எங்கள் நாய் சில வருடங்களுக்கு முன் கல்லைக் கடித்து மேல் கோரைப்பல் ஒன்றை உடைத்துக்கொண்டது. மருத்துவர் அதை வேரோடு எடுத்துவிட்டார். இந்த மண்டை ஓட்டில் எல்லாப் பற்களும் முழுசாக இருந்தன. அப்படியென்றால் இது இங்கே திரியும் கயோட்டியாக, அதாவது நாயைப் போலவே இருக்கும் காட்டு விலங்காக இருக்கும், முகமும் ஒடுக்கமாக இருக்கிறதே என்றார் அந்தப் பெண்.

வெளியே வந்து மனைவியை அழைத்தேன்.

"நம்மளோடது இல்ல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நிஜமாவா? அப்ப யாராவது எடுத்து வளக்குறாங்களோ என்னவோ."

"இருக்கலாம்" என்றேன். எனக்கு அந்த நம்பிக்கை அவ்வளவாக இல்லை. ஆனாலும் அந்தக் குழியில் இல்லை. அதுவே போதுமாக இருந்தது.

திரும்பும்போது மகள்தான் டிரைவ் பண்ணினாள். மலை இறங்கி ஃப்ரீவே வருவதற்குள் நான் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தேனாம்.