முன்வரிசையில் சிரிக்காதவர்

எழுபதுகளின் பிற்பகுதி. கோடைக்கானலில் சீசன் நேரத்தில் நானும் நண்பன் ஒருவனும் பங்குக் கோயில் மண்டபத்தில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினோம். மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்த அப்பா, ஜூன் மாதம் அதே ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை என்று பேசி முடித்திருந்தார். மேடை சோறு போடும் என்று அதற்குள் காட்டியாக வேண்டும்.

கேளிக்கை வரி அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிய பிறகுதான் டிக்கெட்டை விற்கலாம். அங்கே காத்திருந்தபோது பிறந்தது எங்கள் முக்கிய ஐட்டம். ‘சிரிக்கும் முன்பே வரி வாங்குகிறீர்களே, சிரிப்பு வராவிட்டால் திருப்பித் தருவீர்களா?’ என்று ஒருவன் கேட்பான். ‘சிரிக்கவில்லை என்று சர்டிபிகேட் கொண்டு வா’ என்பார் அதிகாரி.

முதல் நாள் மாலை, முன்வரிசையில் மஃப்ளர் சுற்றிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. நான் பேசாதபோதும் என்னையே பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் வந்த நண்பன் காதோரம் சொன்னான்:

“ஏலே, வரி ஆபீஸ் ஆளுடா. ஒனக்கு மாசம் என்ன வரும், கடன்கிடன் உண்டா, வேற சோலி உண்டான்னு கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“இதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு, ஒத்தப் பைசா வராது, ஜூன்ல ஸ்கூல் ஆபீசுக்குப் போயிருவான்னு சொல்லிட்டேன்.”

எங்களிடம் முத்திரை இல்லாத டிக்கெட் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் பயம். வரி ஐட்டத்தை விட்டுவிட்டுச் சேவல், ரயில் என்று குரல் மாற்றிக் காட்டினேன். கூட்டம் கொட்டாவி விட்டது.

மறுநாள் காலை அப்பா தானே எனக்குக் காப்பி கொண்டுவந்தார். அதுவே சந்தேகமாக இருந்தது.

“நேத்து முன்னால இருந்தாரே, திண்டுக்கல்காரரு. ஒனக்குப் பாத்திருக்கற பொண்ணுக்குத் தாய்மாமன். நாந்தான் வந்து பாருங்கன்னேன். அடக்கமான பையன், பேச்சே கம்மிங்கறாரு. இன்னிக்கும் வாராரு. அதே மாதிரி இரு.”

“மொதல்லயே சொல்லிருக்கலாம்லப்பா.”

“சொன்னா நீ நடிச்சிருப்ப.”

அன்று மாலை வரி ஐட்டத்தை முழுசாகச் செய்தேன். பிறகு மாப்பிள்ளை விசாரிக்க வந்து, பையனின் செருப்பைப் பார்த்தே சம்பளத்தைக் கணக்குப் போடும் ஒருவரையும் சேர்த்தேன். மஃப்ளர்காரர் சற்று நேரம் தாக்குப்பிடித்தார். அப்புறம் தோள் குலுங்கியது. மஃப்ளரால் கண்ணைத் துடைத்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

வாசலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி நல்லாத்தான் பேசுது. இப்பிடிச் சிரிச்சு வருசமாச்சு. ஆனா பொண்ணு குடுக்க முடியாதுங்க.”

அவரை அனுப்பிவிட்டு என்னோடு வீட்டுக்கு நடந்த அப்பா, அட்டுவம்பட்டிக்குத் திரும்பும் இடத்தில் கேட்டார்:

“நாளைக்கும் ஷோ உண்டா?”

எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல், உண்டு என்றேன்.

“டிக்கெட் ஒண்ணு எடுத்து வை. அவரு இருந்து பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவாராம். காசு குடுத்தே வாங்கிக்கிறேங்கறாரு.”