சைலன்சரைப் பிடித்த கை

பாலைவனத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தேன் என்றால், மணல்மேடு எவ்வளவு உயரம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அது நினைவில்லை. காலைக் குளிரும், என் மனைவி ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்த விதமும்தான் நினைவிருக்கின்றன. மற்றதெல்லாம் யாரோ காட்டிய வீடியோ மாதிரி இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்ப்பு செய்யும் கம்பெனி ஒன்றில், கிரைண்டிங் செக்ஷனில் நெடுங்காலம் இருந்தேன். அச்சிலிருந்து வரும் வார்ப்பின் ஓரத்தில் பிசிறு நிற்கும். கை கிரைண்டரை வைத்து அதைத் தேய்த்து எடுப்பது எங்கள் வேலை. மிஷினை நிறுத்திய பிறகும் அதன் அதிர்வு கைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சில வருஷத்தில் விரல் நுனி வெளுக்கும், அப்புறம் மரத்துப்போகும். செக்ஷனில் இதற்குச் சாக்பீஸ் என்று பெயர். "இன்னாபா, சாக்பீஸ் வந்துச்சா?" என்று கேட்டுச் சிரிப்போம். மெடிக்கல் செக்கப் நாளில் ஆளுக்கொரு சூடான டீ கிளாஸைக் கையில் பொத்திக்கொண்டுதான் வரிசையில் நிற்போம். டாக்டர் பார்க்கும் நேரத்தில் விரல் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கிரைண்டிங்கிலிருந்து தூக்கிவிடுவார்கள், ஓவர்டைமும் போய்விடும்.

எனக்கு நுனியில் ஆரம்பித்தது உள்ளங்கை வரை வந்துவிட்டது. பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினேன். இனி கிரைண்டரைத் தொடக் கூடாது, பைக்கும் ஓட்டக் கூடாது, போன உணர்ச்சி திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு பைக்கில்தான் வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடமும்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றால், வெட்கம். வேறு காரணம் தேடி இழுக்க விருப்பமில்லை. சட்டைப் பட்டன் போட முடியாமல் டி-ஷர்ட்டுக்கு மாறினேன். சோற்றின் சூடு கைக்குத் தெரியாததால் ஸ்பூன் கேட்டேன். "இன்னா, தொர ஆயிட்டியா?" என்றாள். அவள் கையைப் பிடித்தால் தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிடித்த மாதிரி இருந்தது. பிடிப்பதையே விட்டுவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "என் மேல இன்னா கோவம் உனுக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தோம். பையன் பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையில் இருந்தது உள்ளேயும் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பயப்படக்கூட இல்லை.

அவள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, தன் தம்பி ராஜஸ்தான் மணலில் பைக் ஓட்டிய வீடியோவைக் காட்டியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் நானும் ஒருநாள் அப்படிப் போவேன் என்று அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அதை அவள் மறக்கவில்லை. கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்து, இருவருக்கும் புக் செய்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

"நீ வண்டில வா. நான் ஜீப்ல குந்திக்கினு பின்னால வரேன். நீ ஓட்றத பாக்கணும்."

என்னை எங்கிருந்தோ திருப்பிக் கொண்டுவரப் பார்க்கிறாள் என்று புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் இருந்தது ஒரே காரணம். அதைத்தான் சொல்ல முடியாதே.

ஜெய்சல்மேரில் ஐந்து நாள் பயணம். எங்களைக் கூட்டிப் போன வழிகாட்டி அந்த ஊர்க்காரன், மப்ளர் சுற்றிய ஒல்லி ஆள். என் இந்தி பீகார்க்காரர்களோடு வேலை செய்து கற்றது, அதில் பாதி வசவு. அவனிடம் வடிகட்டித்தான் பேச வேண்டியிருந்தது. முன்னால் அவன், நடுவில் பைக்கில் நாங்கள் ஆறு பேர், கடைசியில் சாமானும் சமையல்காரரும் என் மனைவியும் ஏறிய ஜீப். அவன் போட்ட சட்டம் ஒன்றுதான். விழுந்தால் வண்டியைத் தனியாகத் தூக்காதே, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஜீப்புக்குக் காத்திரு.

சாலை முடிந்து மணல் ஆரம்பித்ததும் என் பாடு திண்டாட்டம். கிளட்ச்சைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று கையைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். வழிகாட்டி திரும்பி வந்து கத்தினான். கையைப் பார்க்காதே, தூரத்தைப் பார், மணலில் பார்வை போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும் என்றான். நியாயம்தான். பார்க்காவிட்டால் எனக்குக் கை இருப்பதே தெரியாது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கையுறையோடு இன்னும் மோசமாக இருந்தது. அவன் பார்வையிலிருந்து விலகும்போதெல்லாம் கழற்றிப் பையில் சொருகிக்கொண்டேன்.

மற்றவர்கள் மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் ஊளையிட்டார்கள். நான் ஏறினேன், இறங்கினேன். எங்கள் சிப்காட் ஓரத்துச் சீமைக் கருவேலம் அங்கேயும் நின்றது. சாயங்காலம் எல்லோரும் மேட்டின் மேல் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்தார்கள். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லாகீதா?"

"நல்லாத்தான் கீது."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து சமையல்காரருக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கப் போய்விட்டாள். மொழி தெரியாத அவரோடு என்னைவிட அதிகம் பேசினாள்.

மூன்றாம் நாள் விழுந்தேன். பெரிய விழுதல் ஒன்றுமில்லை. முன்சக்கரம் புதைந்து, வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. எனக்கு அடியில்லை. ஜீப் பின்னால் வருவது கேட்டது. கையைத் தூக்கிவிட்டு நின்றிருக்க வேண்டும். ஆனால் எங்கள் செக்ஷனில் கனமான வார்ப்பு தரையில் கிடந்தால் யாரும் யாருக்கும் காத்திருக்க மாட்டோம். கீழே எது நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதில் ஒரு கை, மேலே ஒரு கை, ஒரே மூச்சில் தூக்கி நிறுத்திவிடுவோம். அந்தப் பழக்கத்தில் குனிந்தேன். இடது கை ஹேண்டில்பாரில். கீழே நீட்டிக்கொண்டிருந்தது சைலன்சர். வெறுங்கையால் அதைப் பிடித்தேன்.

"உடுய்யா! உட்டுடு!" என்று மனைவி கத்துவது கேட்டது. வண்டியை விடச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் முன்னால் ஒரு தடவையாவது உருப்படியாக ஏதாவது செய்யலாமென்று இன்னும் இறுக்கிப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆட்டுக்கால் வாட்டும் வாசனை வந்தது. சமையல் ஜீப்பிலிருந்து வருகிறது என்று நினைத்தேன்.

அவள் ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கைத் தோல் சைலன்சரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையைப் பார்த்தேன். யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் அழுதபடி கேனிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். வலிக்கிறதா என்று வழிகாட்டி கேட்டான். இல்லை என்றேன். அவன் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான். போய் வண்டியிலிருந்து சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

என் வண்டி ஓட்டம் அதோடு முடிந்தது. ஊருக்கு வந்து, கட்டுப் போட்ட கையைக் கம்பெனி டாக்டரிடம் நீட்டினேன். சரக்கு அனுப்பும் டிஸ்பாட்சுக்கு மாற்றினார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று ஜீப் நிழலில் என்னை உட்கார வைத்து மருந்து போட்டுக் கட்டினார்கள். மற்றவர்கள் விலகிப் போனதும் அவள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். என் இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ண மூடு. குத்துனா சொல்லு."

மூடினேன். காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து மணிக்கட்டுக்கு மேலே சுருக்கென்றது. "இப்ப குத்துற" என்றேன். கண்ணைத் திறந்தால் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாகச் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள்.

"எப்பலேந்து?"

"ரெண்டு வருசமாச்சு."

"அப்ப என் கைய நீ புட்ச்சா?"

"தெரியாது. பாத்தாதான் தெரியும்."

அவள் அந்த ரத்தப் புள்ளிகளை விரலால் துடைத்தாள்.

"ரெண்டு வருசமா உன் போன தோண்டிக்கினு கீறேன்யா நான். நீ கழட்டிப் போட்ட சட்டைய எல்லாம் மோந்து பாத்துக்கினு கீறேன். எவளோ ஒருத்தி கீறான்னு நெனச்சேன். இவ்ளோ தூரம் பின்னாலயே வந்தது எதுக்குன்ற? நீ ஒதுங்கிப் போயி யாராண்டயாச்சும் பேசறியான்னு பாக்கத்தான்."

"அப்பிடி யாரும் இல்லம்மா" என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் ஊக்கைத் திரும்ப வளையலில் மாட்டினாள்.

"இருந்திருந்தா தேவலயே. சண்ட போட்டு, அவ முடியப் புட்ச்சி இஸ்த்தாவது உன்ன ஊட்டுக்கு இட்டாந்திருப்பேன். இத்த நான் யாராண்ட போயி கேக்கறது?"