பரீச்சை முடியட்டும்

என் மகளை பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்த்த அன்று, கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். காதில் விழுந்தது. பதிலும் தெரியும். வாய்தான் வரவில்லை. மகள் எனக்காகப் பதில் சொன்னாள். அவர் விரல் வைத்த இடங்களில் நான் கையெழுத்துப் போட்டேன். சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாலு வருசம் போவட்டும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நமக்குப் பேச ஆள் இருக்கு."

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். சிறு வயதிலிருந்தே விசைத்தறியில் துண்டு நெய்கிறேன். கூடத்தில் எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓடும்போது யாரும் யாருடனும் பேச முடியாது. நூல் தீர்ந்தால் ஒரு சாடை, டீக்கு ஒரு சாடை, தறி கோளாறானால் ஆளைக் கூப்பிட ஒரு சாடை. மற்றவர்களுக்கு அந்தச் சத்தம் தொல்லை. எனக்கு வசதி. என் மனைவி அதே கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து தார்க்கட்டைகளில் நூல் சுற்றுவாள். கல்யாணமான புதிதில் நாங்கள் வீட்டில் பேசியதைவிட அங்கே கையால் பேசியதே அதிகம்.

லீவுக்கு வரும்போதெல்லாம் மகள் எங்களை வைத்துத்தான் பழகினாள். வீடு வீடாகப் போகும் நர்ஸ் தன் பையைத் திறப்பதற்கே ஒரு முறை இருக்கிறதாம். தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் உள்ளே கைவிட வேண்டும். அவள் கை கழுவுவதைப் பார்த்து என் மனைவிக்குப் பொறுக்காது.

"ஏட்டி, போதும். குழாயில தண்ணி வந்து நாலு நாளாச்சு."

"விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டுன்னு வரிசையாத் தேய்க்கணும்மா. அப்பதான் மார்க்கு."

"உனக்கு மார்க்கு. எனக்கு ஒரு குடம் காலி."

பிறகு என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பாள். "அப்பா, பேசாதிய. பேசினா பி.பி. ஏறும்."

"உங்கப்பாவா பேசுதாரு?" என்பாள் மனைவி. "அப்ப அந்த மெசினு பொய் சொல்லுது."

கடைசி வருடம் பொங்கலுக்கு வந்திருந்தபோது இருவருக்கும் சண்டை. படிப்பு முடிந்ததும் வெளிநாட்டு வேலைக்குப் போகப்போவதாக மகள் சொன்னாள்.

"முதல்ல கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் நீ ஏரோப்பிளான் ஏறு."

"அதுக்கா நாலு வருசம் படிச்சேன்?"

மகள் கிளம்பும்போது இருவரும் சரியாக முகம் பார்க்கவில்லை. இரண்டு நாளில் ஆறிவிடுகிற சண்டைதான். பஸ் போய்க் கொஞ்ச நேரத்திலேயே, "முறுக்கை எடுத்துட்டுப் போனாளா?" என்று என் மனைவி கேட்டாள்.

மாசியில் என் மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பஞ்சுத் தூசி என்று நினைத்தோம். எங்கள் கூடத்தில் இருமாதவர்கள் யாரும் இல்லை. பிறகு கால் வீங்கியது. தறியில் நாள் முழுவதும் நிற்கிற எனக்கும் சாயங்காலம் கால் வீங்கும்; காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே இருக்கிறவளுக்கு வீங்காதா என்று நினைத்தோம். நெய்கிறவர்களுக்கு இப்படி எல்லாவற்றுக்கும் தறியே காரணமாகிவிடும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் நெஞ்சிலும் முதுகிலும் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

"இதயத்தைப் பார்க்கணும். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப்போடாதீங்க."

வெளியே வந்ததும் அவள் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

"இப்ப சொன்னா அவ பொட்டியக் கட்டிட்டு வந்திருவா. வருகை கொறஞ்சா எழுத விடமாட்டாங்கன்னு அவளே சொல்லியிருக்கா. பரீச்சை முடியட்டும். அவளையே கூட்டிட்டுப் போவோம். அங்கன போயி நீங்க யார்ட்ட என்னன்னு கேப்பிய?"

நான் கேட்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜன்னல் ஜன்னலாக நிற்கும் வரிசைகளும், என்ன சீட்டு, எந்த அறை என்று என்னைக் கேட்கப்போகிறவர்களும் மனதில் வந்தார்கள். எல்லோர் முன்னாலும் வாய் வராமல் நிற்பேன். அவள் அப்படிச் சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். பிள்ளையின் படிப்பு கெடக்கூடாது என்றுதான் மறைத்தோம் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான்.

மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். தறிச் சத்தத்தில் எங்கள் இருவருக்கும் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். அந்த நேரத்துக்கு முன்பே என் மனைவி கூடத்திலிருந்து வந்து அசையாமல் உட்கார்ந்திருப்பாள். மூச்சு அடங்க வேண்டும். போன் வந்தால் ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். நீளமாகப் பேசினால் நடுவில் இளைக்கும், மகள் கண்டுபிடித்துவிடுவாள். "ம்", "சரி", "சாப்பிட்டேன்". அவ்வளவுதான். மீதியை நான் பேச வேண்டும். எனக்கு என்ன பேசத் தெரியும்?

மகளை அப்போது ஒரு கிராமத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பயிற்சி. ஒரு நாள் போனில் அவள் குரலே துள்ளியது.

"அம்மா, இன்னைக்கு மேடம் எல்லார் முன்னாலயும் என்னப் பாராட்டினாங்க. ஒரு வீட்டுல ஒரு அம்மா, உன் வயசுதான் இருக்கும். கால் வீங்கியிருக்கு. வேலை செய்யிற வீக்கம்ங்கா. நான் விரல வச்சு அழுத்திப் பாத்தேன். குழி விழுந்து அப்படியே நிக்கி. படுத்தா மூச்சு முட்டுதான்னு கேட்டேன். ஆமாங்கா. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவச்சோம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அவ்வளவுதானாம். கேக்கியாம்மா?"

என் மனைவி சேலையை இழுத்துத் தன் காலை மூடினாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"நல்லது மக்கா," என்றாள்.

"அவ்வளவுதானா? இன்னும் கோவமா?"

"இல்ல."

போனை வைத்த பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சுவரில் சாய்ந்து கண் அசந்திருந்தபோது, நான் அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். குழி நின்றது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் முழுதாக மறையவில்லை.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டு அம்மாளும் எங்கள் கூடத்தில்தான் தார் சுற்றுகிறார். என்னை அண்ணாச்சி என்பார். என் மகளுக்கு அத்தை. அவர் ஒருநாள் வாசலில் என்னை மறித்தார்.

"அண்ணாச்சி, மைனி நாலு எட்டு வைக்கதுக்குள்ள நிக்கா. பிள்ளைட்ட சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன்."

"இன்னும் பத்து நாள்தான் தங்கச்சி. பரீச்சை முடியட்டும்."

"பரீச்சை அடுத்த தடவையும் வரும்."

"சொல்லிராதிய. பிள்ளை மேல சத்தியம்."

சத்தியம் என்றதும் அவர் உள்ளே போய்விட்டார். யாரிடமும் ஒன்றும் கேட்கத் தெரியாத நான், அந்த ஒன்றை மட்டும் சரியாகக் கேட்டு வாங்கிவிட்டேன்.

எழுத்துப் பரீச்சைகள் முடிந்தன. செய்முறைப் பரீச்சைக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த என் மனைவி சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். உதடு நீலமாக இருந்தது. வாயால் ஒன்றும் வரவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாள். கூடத்தில் தறி கோளாறானால் காட்டுவோமே, ஆளைக் கூப்பிடு என்று, அந்தச் சாடை. நான் தெருவில் இறங்கிக் கத்தினேன். என் குரலை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மானூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சிவகிரியிலிருந்து என் மச்சான் வந்தார். என் மனைவிக்கு மூத்தவர். அழுது முடித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்பிள, பரீச்சைக்கு மூணு நாள்தான் இருக்கு. இன்னைக்கே எடுத்துருவோம். பிள்ளை எழுதிட்டு வந்து தெரிஞ்சிக்கிடட்டும். நாலு வருசப் படிப்புல்லா?"

நின்ற ஆண்கள் சிலர் தலையை ஆட்டினார்கள். எங்கள் பக்கம் இப்படிச் செய்வதுண்டு.

"வேண்டாம் மச்சான். அவ வரட்டும்," என்றேன்.

அதைச் சொல்ல வாய் வந்தது. ஆனால் போன் வரை வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள்தான் மகளிடம் பேசினார். "அம்மாவுக்கு ரொம்ப முடியல மக்கா. கெளம்பி வா." இப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். வருகிற வழியில் பிள்ளை உடைந்துவிடக் கூடாதே. ஆனால் என் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அத்தை, நாடி இருக்கா?"

அந்த அம்மாள் போனை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். மகளே வைத்துவிட்டாள்.

செய்முறைப் பரீச்சைக்கு அவள் போகவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் எழுதினாள். எதற்காக மறைத்தோமோ அதுவும் அந்த வருடம் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் போன மறுநாள், மகள் தாயின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மாவுக்கு எம்மேல கோவம் தீரவே இல்லல்லப்பா? பொங்கலுக்கு அப்புறம் எங்கிட்ட முழுசா ஒரு பேச்சுப் பேசல. ம், சரி, ம், சரி. நான் வெளிநாடு போறேன்னு சொன்னதுக்கு இம்புட்டா?"

நான் பேசாமல் இருந்திருந்தால் நான் செய்தது அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தாய் தன்மேல் கோபத்தோடு போய்விட்டாள் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"கோவம் இல்ல மக்கா. மூச்சு. பேசினா இளைக்கும், நீ கண்டுபிடிச்சிருவேன்னு பயந்தா."

அவள் கை நின்றது. "எப்ப இருந்து?"

"மாசியில இருந்து. கால் வீங்கியிருந்துச்சு."

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"காட்டினோம். திருநெல்வேலிக்குப் போகச் சொன்னாரு. நீ வந்ததும் போகலாம்னு..."

"அந்த ஊர்ல ஒரு அம்மாவப் பத்தி போன்ல சொன்னேன்லா. அப்ப நீங்க பக்கத்துல இருந்தியளா?"

"இருந்தேன்."

"அம்மாவும் கேட்டாளா?"

"கேட்டா. காலை மூடிக்கிட்டா." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "பெறகு ஒருநாள் நானும் அழுத்திப் பாத்தேன். குழி விழுந்துச்சு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த அம்மா இப்ப வயலுக்குப் போகுதாம்ப்பா," என்றாள். "எனக்கு நம்ம அம்மா கால ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாப் போதும்."

மீதிச் சேலைகளை மடித்தாள். தாய் தன்மேல் கோபமாக இல்லை என்பதை நம்பினாளா என்று நான் கேட்கவில்லை. நம்பியிருப்பாள். அந்த நினைப்பு இருந்த இடத்தில் அவளுக்கு இப்போது அந்த வராத போட்டோ இருக்கிறது.

பட்டம் வாங்கிவிட்டாள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுப் பேச்சை அவள் எடுப்பதில்லை, நானும் கேட்டதில்லை. டூட்டி எந்த நேரமாக இருந்தாலும் தினம் ஒரு முறை எனக்குப் போன் செய்கிறாள்.

"எப்படி இருக்கியப்பா?"

"நல்லா இருக்கேன் மக்கா."

"சாப்டாச்சா? மாத்திரை?"

"ரெண்டு தோசை. மாத்திரை போட்டாச்சு. இருமல் இல்ல."

"சரிப்பா."

நான் போனை வைத்ததும், சற்று நேரத்தில் பக்கத்து வீட்டில் போன் அடிக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த அம்மாளும் தறிக்கூடத்துக்காரர். மெதுவாகப் பேசத் தெரியாது. "ஆமா மக்கா, பாத்தேன். ரெண்டு தோசை சாப்பிட்டாரு. இல்ல, இருமல் இல்ல. நடக்கதெல்லாம் நல்லாத்தான் நடக்காரு. நான் பொய் சொல்லுவேனா உங்கிட்ட?"

நான் சுவருக்கு இந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சொல்வதெல்லாம் சற்றுமுன் நானே அவளிடம் சொன்னதுதான்.