அப்பா ஒளித்து வைத்த அவல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். கடை ஒன்றும் தூரத்தில் இல்லை. கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரமாக முப்பது வீடுகள் உள்ள தெரு எங்களுடையது. கடைசி வீடு எங்கள் வீடு. முதல் வீட்டை ஒட்டிக் கடை. அங்கே சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் அனுமதி.

நிறுத்தியது அப்பா. அவர் வளைகுடாவில் ரோடு போடும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கயிறு கட்டிய பெரிய பெட்டிகளோடு வருவார். கடைசியாக வந்தபோது பெட்டி இல்லை. தோளில் ஒரு பை மட்டும். வர வேண்டிய காலத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பாகவே வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, தஞ்சாவூரில் செல்போன் கடை வைத்திருந்த மாமா, திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்துவந்தார். அப்பா மிகவும் மெலிந்திருந்தார் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். நான் கவனித்தது சாக்லேட் இல்லை என்பதை மட்டும்தான்.

ஒரு வாரம் அவர் அதிகம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவர், கையைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம், "இனிமே நம்ம வீட்டுக்கு வேண்டியத நாமளே பண்ணிக்கலாம். எவன் கையையும் எதிர்பாக்க வேணாம்" என்றார். அம்மா, "சரிங்க" என்றாள். ஏதோ ரசம் வைப்பதைப் பற்றிச் சொல்கிறார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

குத்தகைக்கு விட்டிருந்த ஆறு மா நிலத்தையும், அதாவது இரண்டு ஏக்கரையும், அப்பா திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு மூலையில் குளம் வெட்டி மீன்குஞ்சு விட்டார். சம்பா அறுத்த ஈரத்தில் உளுந்து தெளித்தார், எள் போட்டார். ஒரு பசுவும் கன்றும் வந்தன. ஐந்து கோழிகள் வந்தன. எங்கோ ஓரமாகத் துருப்பிடித்துக் கிடந்த கைப்பம்புக்கு உயிர் வந்தது. நடுக்கூடத்தில் ஆளுயர நீல டிரம்கள் வரிசையாக நின்றன; நெல்லுக்கு மூன்று, உளுந்துக்கு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு. விருந்தாளி வந்தால் டிரம்களுக்கு நடுவில் பாய் போட்டு உட்காரவைத்தோம். சோப்புக்குப் பதில் அரப்புத்தூள், டீக்குப் பதில் சுக்குத் தண்ணீர். உப்பும் வெல்லமும் தீப்பெட்டியும் மட்டும் நம்மால் செய்ய முடியாதவை என்று ஒப்புக்கொண்டு, ஒரு வருடத்துக்கு வேண்டியதை ஒரே நடையில் வாங்கிப் போட்டார்.

எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. எதற்காக இவ்வளவும்? பம்பை அடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"என்னப்பா வரப்போவுது?"

"எது வேணாலும் வரலாம்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், வரக்கூடியவை என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தேன். வெள்ளம், புயல், சண்டை, வியாதி. அதற்கு மேல் தெரியாமல் சயின்ஸ் மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். இன்னும் பல கோடி வருடம் கழித்துச் சூரியன் அணைந்துபோகும் என்று மிஸ் சொன்னார். ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு இன்னும் டைம் இருக்கு" என்றார்.

உண்மையைச் சொன்னால், ஏதாவது ஒன்று சீக்கிரம் வந்து தொலைந்தால் தேவலை என்று காத்திருந்தேன். தெருவில் எங்கள் வீட்டை டிரம் வீடு என்று அழைக்க ஆரம்பித்திருந்தார்கள். வெள்ளம் வந்து எல்லாரும் எங்கள் கூடத்தில் வந்து நிற்பார்கள், அப்பா பெருந்தன்மையாக டிரம்மைத் திறப்பார் என்று வகுப்பில் உட்கார்ந்து கற்பனை செய்வேன். அந்த வருடம் மழைகூட அளவோடுதான் பெய்தது.

மே மாத லீவில் அப்பா ஒத்திகை அறிவித்தார். ஏழு நாள். மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது. வீட்டில் உள்ளதைக் கொண்டு மூன்று பேரும் வாழ்ந்து காட்ட வேண்டும். யாருக்கு வாழ்ந்து காட்ட வேண்டும் என்று அம்மா கேட்டாள்.

முதல் நாள் திருவிழா போல இருந்தது. வேப்பங்குச்சியால் பல் தேய்த்து, பம்படியில் குளித்து, குளத்துக் கெண்டையைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். இரண்டாம் நாள் வெயில் உறைத்தது. ஃபேன் இல்லாத கூடத்தில் நீல டிரம்களுக்கு நடுவே படுத்தால், மூச்சு விடுவதற்கே வரிசையில் நிற்பது போலிருந்தது. மூன்றாம் நாள் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. ஒத்திகை விஷயத்தை யாரோ அவற்றிடம் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு துண்டு வெல்லம் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

நான்காம் நாள் மாமா பைக்கில் வந்தார். கையில் பெரிய பை. அதில் அல்வாவும் பிஸ்கட்டும் இருப்பது வாசலிலிருந்தே வாசனையில் தெரிந்தது. அப்பா கேட்டைத் திறந்து, "வாங்க மாப்ள" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். பிறகு பையைக் காட்டி, "அது மட்டும் வண்டியிலயே இருக்கட்டும்" என்றார்.

"உலகம் என்னைக்கு அழியுதுன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க மச்சான். நான் கடைக்கு லீவு வுடணும்" என்றார் மாமா.

அப்பாவும் சிரித்தார். ஆனால் பை வண்டியிலேயே தொங்கியது. மாமா எங்களோடு சாப்பிட்டார். உளுந்துத் துவையலைப் பாராட்டினார். புறப்படும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்ததை அப்படியே திருப்பிக் கொண்டுபோவது சாதாரண விஷயமில்லை என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. அதைவிட, அல்வா கண் முன்னாலேயே வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கோபத்தில் பரண் ஏறினேன். வெல்லத்தை அம்மா எங்கேயோ வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். எள் மூட்டைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவியபோது சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் கிடைத்தது. வாயைச் சுருட்டிச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. பிரித்தால், அவலும் பொடித்த வெல்லமும். அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் தின்றேன்.

தின்று முடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்குமே. அடுத்த இரண்டு நாள் வீட்டைச் சல்லடையாகச் சலித்தேன். மாட்டுக்கொட்டகையின் கூரைக் கம்புக்கும் கீற்றுக்கும் நடுவில் ஒன்று. சுருட்டி வைத்திருந்த தார்ப்பாய்க்குள் ஒன்று. மோட்டார் ஷெட்டில் காலி ஆயில் டப்பாவுக்குள் ஒன்று. அம்மாவின் தையல் மிஷின் இழுப்பறைக்குப் பின்னால் ஒன்று. வெளிநாட்டிலிருந்து அப்பா கொண்டுவந்த தோள்பையில் ஒன்று. ஏழாவது கிடைத்த இடம்தான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. என் பள்ளிக்கூடப் பையின் அடியில், அட்டைக்குக் கீழே, தட்டையாகப் பரப்பி வைத்திருந்தது. எத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறேனோ, தெரியாது.

எல்லாம் ஒரே மாதிரியான முடிச்சு. உரமூட்டை கட்டும்போது அப்பா போடுவது போல, இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிய முடிச்சு. எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இது ஒத்திகையில் ஒரு பகுதி. அப்பா ஒளித்து வைத்திருக்கிறார், கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அதற்குள்ளேயே இருக்கிறது. மொத்தம் நான்கு பொட்டலம் தின்றேன். மூன்றை அப்படியே விட்டுவைத்தது நேர்மையினால் அல்ல, வயிற்றில் இடமில்லை.

ஏழாம் நாள் காலை. அன்று இரவோடு ஒத்திகை முடிய வேண்டியது. அப்பா கொட்டகைக்குப் போய்க் கன்றை அவிழ்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு மேலே கையை உயர்த்திக் கூரைக் கம்பின் மேல் தடவினார். கை அங்கேயே நின்றது. மறுபடி தடவினார். கன்று ஓடிப்போய்ப் பால் முழுவதையும் குடித்துக்கொண்டிருந்தது; அதை அவர் பார்க்கவே இல்லை. வேகமாக மோட்டார் ஷெட்டுக்குப் போனார். அங்கிருந்து வீட்டுக்குள் வந்து பரணில் ஏறினார். இறங்கும்போது அவருடைய கால் ஏணிப் படியைச் சரியாகத் தொடவில்லை.

பாராட்டை எதிர்பார்த்து நான் கீழேயே நின்றேன்.

"நாலு எடுத்துட்டேன்ப்பா. மிச்சம் மூணும் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியும்."

அப்பா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பம்படிக்குப் போய்ச் சிமெண்ட்டு மேடையில் உட்கார்ந்தார். பம்பின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே இருந்ததைக் கண்டு எனக்குப் பயம் வந்தது.

"உனக்குப் பசிச்சுச்சா பாப்பா?"

"இல்லப்பா. இனிப்பா இருந்துச்சு, அதான்."

"பசிச்சு எடுக்கலையே?"

"இல்லப்பா."

"பசிச்சா சொல்லணும், சரியா. அப்பாகிட்ட சொல்லணும்."

இதையே மூன்று நான்கு தடவை கேட்டார். இல்லை இல்லை என்று சொல்லி எனக்கு அலுத்துப்போனது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து ஒரு கணம் எங்களைப் பார்த்தாள். "நீ போயி மெயின போட்டுட்டு வா" என்றாள் என்னிடம். ஒத்திகை முடிந்துவிட்டதா என்று கேட்டேன். "முடிஞ்சிருச்சு" என்றாள். சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, அம்மா அந்த ஈர மேடையிலேயே அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பகலில் அப்படி அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா வெயிலில் வேலை செய்து களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

நான் கல்லூரியில் சேர்ந்து தஞ்சாவூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தபோதுதான் மாமா மிச்சத்தைச் சொன்னார். கம்பெனி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டது. பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் மாட்டிக்கொண்டது. சமையல்காரர் முதல் வாரமே போய்விட்டார். பக்கத்தில் கடையோ ஊரோ இல்லாத கேம்ப்பில், எப்போதாவது யாராவது லாரியில் கொண்டுவந்து போடும் ரொட்டியைப் பங்கு பிரிக்கும் வேலையை எல்லாருமாகச் சேர்ந்து அப்பாவிடம் கொடுத்திருந்தார்கள். அப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கிறார்கள். "ஏர்போர்ட்லேருந்து வர்ற வழியில ஓட்டல்ல உக்கார வச்சேன். நாலு இட்லி வாங்குனேன். ரெண்ட சாப்ட்டுட்டு ரெண்ட பேப்பர்ல சுத்திச் சட்டப்பையில வச்சிக்கிட்டாரு. நான் பாக்காத மாதிரி ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார் மாமா. அல்வாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன அன்று அவர் ஏன் கோபித்துக்கொள்ளவில்லை என்பது அப்போது எனக்குத் தெளிந்தது.

ஆனால் அந்த ஏழாம் நாள் மதியம் எனக்கு இது எதுவும் தெரியாது. அப்பா வயலுக்குப் போனதும் அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு பெரிய வெல்ல உருண்டையை எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "பேசாம உக்காந்து கட்டு" என்று சணலை என் முன் போட்டாள். அவள் வெல்லத்தைத் தட்டி அவலோடு கலந்து தர, நான் பொட்டலம் கட்டினேன். முதல் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அப்பா போடுற முடிச்சு இல்ல. அவுத்துட்டுக் கட்டு" என்றாள். மூன்று முறை அவிழ்த்துக் கட்டிய பிறகுதான் சரி என்றாள்.

பிறகு என்னை அழைத்துக்கொண்டு சுற்றி வந்தாள். நான் ஏழு இடம் கண்டுபிடித்திருந்தேன். அம்மாவுக்குப் பதினோரு இடம் தெரிந்திருந்தது. காலியான இடங்களில் புதியதை வைத்தாள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, பழைய அவலைக் கோழிக்கு வீசிவிட்டுப் புதியதைப் போட்டாள்.

"இதெல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு?"

"ஒரு மாசம் ஆயிருச்சுல்ல. வண்டு வுழுந்துரும்."

"மாசாமாசம் மாத்துறியா? அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத."

கொட்டகைக் கம்பு அம்மாவுக்கு எட்டவில்லை. அதற்கு அவள் எப்போதும் ஸ்டூல் போட்டு ஏறுவாளாம். அன்று என்னைத் தூக்கிப் பிடித்தாள். பத்து வயதுப் பெண்ணைத் தூக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. பொட்டலத்தைக் கம்பு மேல் வைத்து முடிச்சு உள்பக்கம் பார்க்கும்படித் திருப்பினேன். அம்மாவும் நானும் ஒரு கட்சி, அப்பா எதிர்க்கட்சி, இத்தனை நாள் இந்த ஆட்டத்தில் என்னைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்களே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்பா கம்பின் மேல் கைவைத்தார். பொட்டலத்தை எடுத்து, உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போல் ஆட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தார். எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் அடுப்படிக்கு வந்து சுக்குத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம், "போன மாசத்தவிட இந்தத் தடவ வெல்லம் கொஞ்சம் கம்மியா போட்டிருக்க போலிருக்கு" என்றார்.

மாட்டிக்கொண்டோம் என்று நான் பதறி அம்மாவைப் பார்த்தேன். அவள் பதறவில்லை. "அடுத்த மாசம் சேத்துப் போடுறேங்க" என்று சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். புகை என்று நினைத்துக்கொண்டு நான் ஊதுகுழலை எடுத்து வந்து கொடுத்தேன்.